நஞ்சம்மாவின் புங்கந்தழை

என் மாமியார் நஞ்சம்மாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு நாக்கு எழாது. 'அவர்' என்று மரியாதை போட்டுச் சொல்லவும் வரவில்லை. அவள் என்றே சொல்லிவிட்டுப் போகிறேன். உயிரோடு இருந்தவரைக்கும் அவள் என்னை "ஏ, இவளே" என்றுதான் கூப்பிட்டாள். மங்கம்மா என்று எனக்கு ஒரு பெயர் இருப்பது ஊரில் நாய்க்குக்கூடத் தெரியும். அவளுக்கு மட்டும் தெரியாது.

நான் அந்த வீட்டுக்கு மருமகளாகப் போனது 1951-ல். தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி போகிற மலைச்சாலையை விட்டு இறங்கி, காட்டோரமாகவே நடந்தால் வருகிற ஈச்சம்பள்ளம்தான் ஊர். ஓசூர்ப் பக்கம் அப்போது தொழிற்சாலையும் கிடையாது, ஒன்றும் கிடையாது. கேழ்வரகு, கொள்ளு, அவரை. மழை பொய்த்தால் ஆடு. ஊர் முடிகிற இடத்தில் எல்லைக்கல் நட்டிருக்கும். அதற்கு அந்தப் பக்கம் ரிசர்வ் காடு.

காட்டுக்குள் ஒரு ஒற்றையடிப் பாதை உண்டு. மலையேறி, கணவாயைத் தாண்டி இறங்கினால் மேல்கொத்தூர். என் நாத்தனார் முனிலட்சுமியை அந்த ஊரில்தான் கட்டிக் கொடுத்திருந்தார்கள். விடிந்ததும் கிளம்பினால் உச்சிப்பொழுதுக்கு அவள் வீட்டில் கூழ் குடிக்கலாம். சாலை வழியாகப் போவதென்றால் தேன்கனிக்கோட்டைக்கு நடந்து, பஸ்ஸுக்குக் காத்துக் கிடந்து, அது வந்தால் ஏறி, இறங்கி, மறுபடி நடந்து, மறுநாள்தான் போய்ச் சேர முடியும். பஸ் வராத நாளும் உண்டு.

மலை ஏறுவது சுகம் என்று சொல்கிறவர்களை அந்தப் பாதையில் ஒரு தரம் நடத்திக் கூட்டிப் போக வேண்டும் என்று எனக்கு ஆசை. முதலில் ஓடை. உருண்டைக் கற்கள் காலை வாரும். அது முடிந்தால் உண்ணிச்செடிப் புதர், சேலையை இழுத்துக் கிழிக்கும். அப்புறம் வழுக்குப்பாறை. அதில் கையையும் காலையும் ஊன்றித் தவழ்ந்துதான் போக வேண்டும், கௌரவமெல்லாம் பார்க்க முடியாது. பாறைக்கு மேலே மூங்கில். அங்கே யானை இருக்கும். வழியில் கிடக்கிற யானை லத்தியைக் கால் விரலால் தொட்டுப் பார்ப்போம். சூடாக இருந்தால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். அந்தக் காட்டுக்கு மனிதர் யாரையும் பிடிக்காது, வெளிப்படையாகவே காட்டிக்கொள்ளும்.

இவ்வளவும் தாண்டிக் கணவாய்க்குப் போனால், மேட்டில் ஒரு தழைக்குவியல். அதுதான் சொப்பலம்மா. கன்னடத்தில் சொப்பு என்றால் தழை. சிலை இல்லை, சூலம் இல்லை, பூசாரி இல்லை. அந்த வழியாகப் போகிறவர்கள் ஆளுக்கு ஒரு பச்சைத் தழையை அந்தக் குவியல்மேல் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். வழியில் ஒட்டிக்கொண்ட அசதியும் கெட்டதும் தழையோடு அங்கேயே தங்கிவிடும். வைக்காமல் போனால் அது கூடவே இறங்கி வந்து, நாம் நுழைகிற வீட்டில் நமக்கு முன்னால் நுழையும். தமிழ் பேசுகிறவர், தெலுங்கு பேசுகிறவர், கன்னடம் பேசுகிறவர் எல்லாரும் அப்படித்தான் நம்பினார்கள். நானும் நம்புகிறேன்.

காட்டில் கிடைக்கிற ஏதோ ஒரு தழையை எல்லாரும் ஒடித்து வைப்பார்கள். நஞ்சம்மாவுக்கு அது ஆகாது. எங்கள் வீட்டு வாசலில் ஒரு புங்கமரம் நின்றது. அவள் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த வருஷம் நட்டது. அதில் ஒரு கொத்தை ஒடித்து, முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டுதான் மலை ஏறுவாள். மலைமேல் புங்கமரம் ஒன்றுகூடக் கிடையாது. குவியலில் புங்கந்தழை கிடந்தால் நஞ்சம்மா போயிருக்கிறாள் என்று அர்த்தம்.

இதைச் சென்னப்பன் நன்றாகத் தெரிந்து வைத்திருந்தான்.

சென்னப்பன் நஞ்சம்மாவின் கூடப்பிறந்த அண்ணன் மகன். முனிலட்சுமிக்கு முறை மாப்பிள்ளை. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு இவன், இவனுக்கு அவள் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. பெண் கேட்டு அண்ணன் வீட்டிலிருந்து வெற்றிலை பாக்கோடு வந்தபோது, நஞ்சம்மா தட்டைத் தொடாமல், "ஆடு மேய்க்கறவனுக்கா எம்பொண்ணு?" என்று கேட்டாளாம். நாங்கள் எல்லாருமே ஆடு மேய்க்கிறவர்கள்தான். நிஜக் காரணம் கிணற்றுப் பங்கில் அண்ணனோடு இருந்த மனத்தாங்கல். பெண்ணை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளை மலைக்கு அந்தப் பக்கம் திம்மப்பன் என்பவனுக்குக் கட்டி அனுப்பிவிட்டு, வீம்பில் ஜெயித்த மாதிரி உட்கார்ந்திருந்தாள் மகராசி.

ஆடு மேய்த்தவன் அடுத்த வருஷமே காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். காட்டைக் காவல் காக்கிற ஃபாரஸ்ட் கார்டு வேலை. அதுவும் எங்கள் பக்கத்துக் காட்டுக்கே. அவன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யார் பெண் கொடுக்க வந்தாலும், "எங்கத்தைய கேட்டுட்டு வாங்க" என்று எகத்தாளமாகச் சொல்லி அனுப்பினான்.

1953 வாக்கில் காட்டில் சந்தன மரம் திருட்டுப் போகிறது என்று பாதையை மூடினார்கள். எல்லைக்கல் பக்கத்தில் ஒரு பலகை, பலகைக்குப் பின்னால் முள் அடைப்பு. பாதை மூடியதே தவிர யார் போவதும் நிற்கவில்லை. முள்ளுக்குப் பக்கத்தில் ஒரு சந்து விழுந்தது. ஊர்க்காரர்கள் சென்னப்பனுக்கு ஒரு படி அவரையோ ஒரு சேவலோ கொடுத்துவிட்டுப் போய் வந்தார்கள். நஞ்சம்மா கொடுப்பாளா? "எம்பாட்டன் நடந்த தடத்துல நடக்க நான் இவனுக்குச் சேவலு தரணுமா?" என்றாள். அவளிடம் மட்டும் அவன் அரசாங்கத்தின் ஒரு எழுத்தையும் விட்டுக்கொடுக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பெங்களூரிலிருந்து மூன்று பேர் அனுமதிச் சீட்டோடு மலை பார்க்க வந்தார்கள். இரண்டு ஆண்கள், ஒரு அம்மாள். காலில் பூட்ஸ், தோளில் பை, கழுத்தில் கேமரா. பொழுது போகாமல் நடக்க வந்தவர்கள். அவர்களுக்காக முள் அடைப்பு விலகியது. சென்னப்பன் அவர்கள் பைகளைச் சுமந்துகொண்டு கன்னடத்தில் வழி சொல்லிக்கொண்டே முன்னால் நடந்தான். நானும் நஞ்சம்மாவும் எல்லைக்கல் ஓரம் கொள்ளு பிடுங்கிக்கொண்டிருந்தோம். சாயங்காலம் அவர்கள் திரும்பி வந்தார்கள். அந்த அம்மாள் கையில் ஒரு பெரிய பூங்கொத்து, வேரோடு பிடுங்கிய செடி ஒன்று. சொப்பலம்மாவுக்கு அவரும் தழை போட்டாராம், அதைச் சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டு வந்தார்.

நஞ்சம்மா இடுப்பில் கைவைத்து எழுந்து நின்றாள்.

"ஏண்டா சென்னப்பா, அவங்க ஒடிச்சா அது தழை, நான் நடந்தா அது திருட்டா?"

"அவங்க கிட்ட சீட்டு இருக்குது அத்தெ. ஒங்கிட்ட வாய்தான் இருக்குது," என்றான் அவன், நடையைக் குறைக்காமல்.

அன்று முழுக்க அவள் பேசியதை நான் இங்கே எழுத முடியாது. சட்டி பானைகூடக் காதைப் பொத்திக்கொண்டிருக்கும்.

அவளைப் பிடிக்க அவன் பாதையில் காத்துக் கிடந்ததே இல்லை. பொழுது சாய்வதற்கு முன்னால் மேட்டுக்குப் போவான். குவியலைக் கோலால் கிளறுவான். புங்கந்தழை வாடாமல் இருந்தால், மறுநாள் எங்கள் வீட்டு ஆடுகள் காட்டில் மேய்ந்ததாக அபராதப் பட்டிக்குப் போகும். ஒரு தரம் அரிவாளையும் கூடையையும் பிடுங்கிக்கொண்டு போனான். ஒரு தரம் என் வீட்டுக்காரர் கிருஷ்ணப்பனை ரேஞ்சர் முன்னால் நாள் பூராவும் நிற்க வைத்தான். அவர் வாயில்லாப் பிராணி. அம்மா செய்வதற்கு மகன் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டு வந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒரு நாளைக்கி வெக்காம போனா என்ன ஆவுது அத்தெ? இல்லன்னா காட்டுத் தழையில ஒண்ண வெய்யுங்க. எதுக்குப் புங்கந்தழை? நான்தான் போனேன்னு நீங்களே எழுதி வெச்சிட்டு வர்றீங்க," என்றேன்.

அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"எம்பொண்ணு ரெண்டு பெத்து ரெண்டயும் மண்ணுல வெச்சிருக்கா. நான் வெறுங்கையோட அந்த மேட்டத் தாண்டி, வழியில இருக்கற பீடையெல்லாம் அவ ஊட்டுக்குள்ள கூட்டிக்கினு போவட்டுமா? அவங்காட்டுத் தழைய நான் எதுக்குத் தொடணும்? எம்மரம், என் தழை. அவன் பாக்கட்டும். நல்லா பாக்கட்டும்."

பயம் பாதி, திமிர் பாதி. இதில் எது எவ்வளவு என்று அவளுக்கே தெரிந்திருக்காது. அவதிப்பட்டது என் வீட்டுக்காரரும் என் ஆடுகளும்.

முனிலட்சுமி மூன்றாம் முறை உண்டானாள். முதல் இரண்டு பிரசவமும் எங்கள் வீட்டில்தான் நடந்தது. இரண்டு குழந்தையும் தங்கவில்லை. அதனால் மாப்பிள்ளை திம்மப்பன் வீட்டில், இந்தத் தடவை பிரசவம் மேல்கொத்தூரிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள். உடம்பில் இரத்தமே இல்லாமல் வெளுத்துப்போயிருந்தாள். போய்ப் பார்த்துவிட்டு வந்த நஞ்சம்மா, வலி எடுத்ததும் ஆள் அனுப்பச் சொல்லிவிட்டு வந்ததாகச் சொன்னாள். "நான் பக்கத்துல இருந்தா அவ பயப்பட மாட்டா," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்த ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. அந்த மாசமெல்லாம் புங்கமரத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆள் வந்தது ஒரு விடிகாலையில். நேற்று இரவிலிருந்து வலி, சீக்கிரம் வரச் சொன்னார்கள் என்றான். நஞ்சம்மா விளக்கெண்ணெய்க் குப்பியையும் பழந்துணி மூட்டையையும் என் தலையில் ஏற்றி, "நட" என்றாள். என்னை அந்த வீட்டில் யாரும் வருகிறாயா என்று கேட்டதில்லை. புங்கங்கொத்தை ஒடித்துக் கையிலேயே பிடித்துக்கொண்டாள்.

அவள் நடந்த நடையை என்னால் மறக்க முடியாது. ஐம்பதைத் தாண்டிய பெண்பிள்ளை. ஓடையில் கல்லுக்குக் கல் தாவினாள். உண்ணிமுள் கையைக் கீறி இரத்தம் வந்தது, துடைக்கவில்லை. வழுக்குப்பாறையில் நான் தவழ்ந்துகொண்டிருக்கும்போது அவள் மேலே நின்று என்னைத் திட்டிக்கொண்டிருந்தாள். மூங்கில் காட்டில் லத்தி சூடாகத்தான் இருந்தது. "அது அது வேலையப் பாக்குது, நாம நம்ம வேலையப் பாப்போம்," என்று விலகிக்கூடப் போகாமல் நடந்தாள்.

மேட்டில் சென்னப்பன் இருந்தான். பாதைக்குக் குறுக்கே, தழைக்குவியலுக்குப் பக்கத்தில் ஒரு கல்மேல் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தான்.

"வா அத்தெ. தழை கொண்டாந்தியா?"

"எந்திரிடா. எம்பொண்ணு வலி எடுத்துக் கெடக்கறா."

"தெரியும். சேதி கொண்டாந்த ஆளு எல்லைக்கல்லுல என்னத் தாண்டித்தான வந்தான்."

"தெரிஞ்சிமா வழியில குந்திக்கினு இருக்கற? அவ ஒனக்கு அத்தெ மகடா."

அவன் பீடியைக் கல்லில் நசுக்கினான். "அந்த நெனப்பு அன்னிக்கி ஒனக்கு இருந்துச்சா? ஆடு மேய்க்கறவன்னியே. இப்ப ஆடு மேய்க்கறவன் சொல்றன். திரும்பிப் போ."

"போவலன்னா என்ன பண்ணுவ? அடிப்பியா? அடி."

"ஒன்ன எதுக்கு அடிக்கறன்? இந்த மேட்டத் தாண்டி நீ ஒரு அடி வெச்சா, ஒங்க மாட்டுக் கொட்டாயில சந்தனக்கட்டை இருக்கும். கிருஷ்ணப்பன் சேலம் ஜெயில்ல இருப்பான்."

"எங்க ஊட்டுல ஏதுடா சந்தனம்?"

"இன்னிக்கி இல்ல அத்தெ. நாளைக்கி இருக்கும்."

அவன் குரலை உயர்த்தவே இல்லை. அதனால்தான் அவன் செய்வான் என்று தெரிந்தது. சந்தனக்கட்டை ஒன்று வீட்டில் கிடைத்தால் போதும், வருஷக்கணக்கில் உள்ளே போய்விடுவார்கள் என்பது அந்தக் காட்டோரத்தில் குழந்தைக்குக்கூடத் தெரியும். பாம்பைக் கண்டாலும் இவ்வளவு அருவருப்பு எனக்கு வந்ததில்லை. அவன் முகத்தில் துப்ப வேண்டும் போல இருந்தது. வாயில் எச்சில் இல்லை.

நஞ்சம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் என் வீட்டுக்காரர் பெயர்தான் வந்திருக்கும். அது அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பக்கம் மகள், இந்தப் பக்கம் மகன். நடுவில் நான் மூட்டையோடு நிற்கிறேன்.

"இவள விடுவியா?" என்று அவனைக் கேட்டாள்.

"தங்கச்சி போவட்டும். எனக்கும் அதுக்கும் என்ன பகை? பகையெல்லாம் ஒங்கூடத்தான்."

அவள் கையிலிருந்த புங்கங்கொத்தை என் கையில் திணித்தாள். "வெச்சிட்டுப் போ. அம்மா எங்கன்னு கேட்டான்னா பின்னால வருதுன்னு சொல்லு." அப்படியே பாதையோரத்தில், அவனுக்கு எதிரில், சப்பென்று உட்கார்ந்துவிட்டாள். நான் தழையை வைத்துவிட்டு ஓடினேன். திரும்பிப் பார்த்தபோது இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மூக்கும் தாடையும் ஒரே அச்சு. ஒரே இரத்தம்தானே, வேறு எப்படி இருக்கும்.

முனிலட்சுமி என் காலடிச் சத்தத்தைக் கேட்டதும் தலையைத் தூக்கினாள். "அம்மா எங்க அண்ணி?" என்றாள். பின்னால் வருகிறாள் என்றேன். ஒவ்வொரு வலிக்கும் நடுவில் வாசலைப் பார்த்தாள். உச்சி சாய்ந்தபோது குழந்தை பிறந்தது. பெண். வீல் என்று கத்தியது. பிரசவம் பார்த்த வெங்கடம்மா தொப்புள்கொடியை அறுத்துக்கொண்டே சிரித்தாள். எங்கள் பக்கத்து வழக்கப்படி வாசல் நிலையில் வேப்பங்கொத்து செருகினார்கள். தெருவில் போகிறவர்கள் அதைப் பார்த்தே, இந்த வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறது என்று தெரிந்துகொள்வார்கள்.

ஆனால் இரத்தம் நிற்கவில்லை. வெங்கடம்மா தெரிந்த எல்லாம் செய்தாள். பழந்துணி மூட்டை முழுதும் தீர்ந்தது. "அம்மா இன்னும் வரலியா?" என்று முனிலட்சுமி இன்னொரு தரம் கேட்டாள். நான் "இதோ, மேட்டத் தாண்டிட்டாங்க" என்றேன். அதற்குள் அவள் கேட்பதை நிறுத்திவிட்டிருந்தாள்.

"அடக்கத்துக்கு எடுக்கறதுக்குள்ள அவங்கம்மாவக் கூட்டியாந்துடு," என்றான் திம்மப்பன். நான் கிளம்பினேன். சொப்பலம்மாவுக்கு வைக்க ஒரு தழை வேண்டுமே, திரும்பும்போதும் வைத்தாக வேண்டுமே என்று கை மட்டும் எப்படியோ நினைவில் வைத்திருந்தது. வாசல் வேப்பமரத்தில் எட்டிய கிளையை ஒடித்துக்கொண்டு ஏறினேன். எந்த மரம், எந்த இலை என்று பார்க்கிற நிலையிலா இருந்தேன்?

நான் மேட்டுக்குப் போனபோது வெயில் மஞ்சளாகிவிட்டது. இரண்டு பேரும் அதே இடத்தில்தான் இருந்தார்கள். அவன் தண்ணீர்ச் சுரைக்குடுக்கையை அவள் பக்கமாகத் தள்ளி வைத்திருந்தான். அவள் அதைத் தொடவில்லை. எனக்கு மூச்சு வாங்கியது, வார்த்தை வரவில்லை. குவியல்மேல் வேப்பந்தழையை வைத்துவிட்டுக் குனிந்து நின்றேன்.

இரண்டு பேரும் தழையைப் பார்த்தார்கள்.

"வேப்பந்தழை," என்றாள் நஞ்சம்மா. எழுந்துவிட்டாள். "பொறந்துடிச்சா? உசுரோட இருக்குதா?"

"இருக்குது. பொண்ணு," என்றேன். அது உண்மைதானே.

அவள் சிரித்தாள். அந்த வாய் சிரித்து அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. அவன் பக்கம் திரும்பி, "கேட்டியாடா சென்னப்பா? பேத்திடா எனக்கு! பொழச்சிக்கிச்சிடா!" என்றாள். பகையாளியிடம் பேசுகிற பேச்சாக அது இல்லை. அண்ணன் மகனிடம் சொல்வது போலச் சொன்னாள். அவனும் எழுந்துவிட்டான். தலைத்துணியை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டான். பாதைக்குக் குறுக்கே இருந்த கல்லைக் காலால் தள்ளினான்.

"போ அத்தெ. போயிப் பாரு. நான் ஒண்ணும் எழுத மாட்டன். முனிக்கு... நான் கேட்டன்னு சொல்ல வாணாம். சும்மா போ."

"நீ என்னாடா என்ன உடறது?" என்றாள் அவள், இன்னும் சிரித்துக்கொண்டே. அப்புறம்தான் இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

நான் சொன்னேன். என்ன வார்த்தையில் சொன்னேன் என்று நினைவில்லை.

அவள் அழவில்லை, மாரில் அடித்துக்கொள்ளவில்லை. குனிந்து, நான் வைத்த வேப்பந்தழையைக் குவியலிலிருந்து எடுத்தாள். சாமிக்கு வைத்ததைத் திரும்ப எடுத்தவர்கள் யாரையும் நான் கண்டதில்லை. அதைச் சென்னப்பன் கையில் வைத்து, விரல்களை மடக்கி மூடினாள்.

"இந்தா. இதயும் எழுதிக்கோ," என்றாள்.

மேட்டைத் தாண்டி இறங்கிப் போனாள். அவன் தழையைப் பிடித்தபடியே நின்றான். என் வீட்டு மாட்டுக் கொட்டகையில் சந்தனக்கட்டை எதுவும் வரவில்லை.

அதற்கப்புறம் நஞ்சம்மா வாழ்ந்த காலமெல்லாம் வாரத்தில் ஒரு நாள் அந்த மலையை ஏறினாள். அந்தப் பக்கத்தில் பேத்தி வளர்ந்துகொண்டிருந்தது. பாதையை மூடிய பலகை அப்படியேதான் இருந்தது. முள்ளைச் சென்னப்பனே அள்ளிப் போட்டுவிட்டான். அவள் வருகிற நாளில் மேட்டில் உட்கார்ந்திருப்பான். அவள் அவனிடம் பேச மாட்டாள், அவன் பக்கம் பார்க்கவும் மாட்டாள். புங்கங்கொத்தை அவன் கண்ணுக்கு நேராகக் குவியலின் உச்சியில் வைப்பாள். நேரம் எடுத்துக்கொண்டு, இலையையெல்லாம் நீவி வைப்பாள். நான் கூடப் போய்ப் பார்த்திருக்கிறேன். சாமிக்கு வைக்கிற கையாக அது இல்லை. புண்ணில் விரலை விடுகிற கை.

ஒரு தரம் அவன் குழந்தைக்கென்று மூங்கில் குழாயில் மலைத்தேன் எடுத்துக் குவியல் ஓரமாக வைத்திருந்தான். அவள் காலால் எத்திவிட்டாள். தேன் பாறையில் வழிந்தது. அவன் அதையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மாற்றல் கேட்டு எழுதிப் போட்டானாம், கிடைக்கவில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். கிடைக்காமல் இருக்க இவள்தான் வேண்டிக்கொண்டிருப்பாள்.

வீட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது? அன்று மேட்டில் நான் ஒரு வார்த்தை பேசியிருந்தால் அவள் மகளிடம் போயிருப்பாளாம். எனக்குச் சோறு போடும்போதெல்லாம் சொல்லிக்காட்டினாள். போயிருந்தால் முனிலட்சுமி பிழைத்திருப்பாளா? வெங்கடம்மாவைக் கேட்டேன், பிழைத்திருக்க மாட்டாள் என்றாள். அதை நஞ்சம்மாவிடம் சொன்னால் என்னை வெட்டிப்போட்டிருப்பாள். மகளைக் கடைசியாகப் பார்ப்பதை விட்டுக்கொடுத்து என் வீட்டுக்காரரை எனக்கு மிச்சம் வைத்தாள். நான் அதைக் கேட்கவில்லை. கேட்காமல் கொடுத்துவிட்டு ஆயுசுக்கும் குத்திக்காட்டியதற்காகவே அவளை எனக்குப் பிடிக்காது.

1959-ல் மழைக்காலம் பிறக்கும்போது அவள் படுத்துவிட்டாள். இருமல், நெஞ்சுக்கூடு அதிருகிற இருமல். மலை ஏறுகிற நாள் வந்தது. படுக்கையிலிருந்தே கூப்பிட்டாள்.

"ஏ, இவளே. கொத்து ஒடிச்சிக்கினு போ. கொழந்தையப் பாத்துட்டு வா. மேட்டுல, உச்சியில வெய்யி. அவன் பாக்கணும்."

"சரி."

"எனக்கு முடியலன்னு மட்டும் அவங்கிட்ட சொல்லாத. சந்தோசப்படுவான்."

போனேன். அதே ஓடை, அதே முள், அதே வழுக்குப்பாறை. சென்னப்பன் மேட்டில் இருந்தான். பாதையில் வருவது நான் மட்டும்தான் என்று பார்த்ததும் எழுந்துவிட்டான். காக்கிச் சட்டை அவன்மேல் தொளதொளவென்று தொங்கியது. என் கையிலிருந்த புங்கந்தழையைப் பார்த்தான். என் பின்னால் பாதையைப் பார்த்தான். யாரும் இல்லை.

நான் தழையை வைக்கக் குனிந்தேன். அவன் குறுக்கே வந்தான்.

"இரு தங்கச்சி. மொதல்ல வாயத் தொறந்து சொல்லு. தழையப் பாத்து நான் இனிமே எதயும் நம்ப மாட்டன்."

எனக்கு அவன்மேல் இரக்கம் வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை. ஆனாலும் பதில் சொல்லாமல் நகர முடியவில்லை.

"உயிரோடதான் இருக்காங்க. ஒங்களத் திட்டிக்கினுதான் இருக்காங்க," என்றேன்.

அவன் அந்தப் பழைய கல்மேல் உட்கார்ந்தான். மூச்சை விட்டான்.

"திட்டட்டும்," என்றான். "எழுந்து ஒக்காந்து நல்லா திட்டட்டும்."

நான் கொத்தை உச்சியில் வைத்துவிட்டு, குழந்தையைப் பார்க்க இறங்கினேன். திரும்பி வீட்டுக்கு வந்ததும் நஞ்சம்மா கேட்ட முதல் கேள்வி, "பாத்தானா?"

"பாத்தான்."

"என்ன சொன்னான்?"

"எழுந்து ஒக்காந்து திட்டச் சொன்னான்."

அவள் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். கஞ்சி கொண்டுவரச் சொன்னாள். முழுச் சட்டியையும் குடித்துவிட்டு, அந்த வாயாலேயே அவனைத் திட்ட ஆரம்பித்தாள்.